கார் ரேடியோவில் கேட்ட கடிதம்

பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் சின்னவன் கார் வாங்கிக்கொண்டு வந்தான். பழைய வண்டிதான். ஆனாலும் நம் வாசலில் வந்து நின்ற முதல் சொந்தக் கார். கையில் இருந்த சின்னப் பாட்டுப் பெட்டியைக் காட்டி, "அப்பா, இத வண்டில இருக்கற கம்பெனி ஸ்டீரியோவோட சேத்துக் குடுங்களேன், நீங்க ரேடியோ கடையில இருந்தவர்தானே" என்று கேட்டான். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றேன். பெரியவள் சிரித்தாள். "ஊசியில நூல் கோக்கறீங்க, அரிசியில கல் பொறுக்கறீங்க, இதுக்கு மட்டும் கண்ணு தெரியலியா?" என்றாள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

கண் நன்றாகத்தான் தெரிகிறது. அந்த வேலையை நான் ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன். மறுபடியும் செய்யக் கை வரவில்லை. காரணத்தை நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் நாம் பட்டினப்பாக்கத்தில் குடியிருந்தோம். பெரியவளுக்கு அது கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். அதற்கு முன்னால் நான் ராயப்பேட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். கடை முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பிறகு ஐந்து மாதம் எனக்கு வேலையில்லை. அந்த ஐந்து மாதத்தைப் பற்றி உங்கள் அம்மா உங்களிடம் சொன்னதே இல்லை. சாயங்காலம் விற்காமல் மிஞ்சிய மீனைக் கூடைக்காரிகள் கொடுப்பார்கள். அதை வாங்க அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போவாள். போகும்போதும் வரும்போதும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதால் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு பெரியவர் வீட்டில் டிரைவர் வேலை கிடைத்தது.

அவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் அமெரிக்காவில். வீட்டில் அவரும், காலையும் மாலையும் வந்து சமைத்துவிட்டுப் போகும் ஒரு மாமியும், நானும்தான். நான் அவரை 'சார்' என்று கூப்பிடுவேன். அவருக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் காதுமெஷின் ஒன்று வாங்கிப் பார்த்தார். "கூ கூன்னு காதுக்குள்ள ஊளையிடறதுடா" என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

மகன் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது செங்கல் அளவில் ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். டார்ச் லைட் பாட்டரியில் ஓடும். தோளில் மாட்டிக்கொள்ள வார் இருக்கும். தனக்குக் கடிதம் எழுத நேரமில்லை, அதனால் பேசி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே அப்போது நல்ல கேசட் கிடைப்பது கஷ்டம். ஒரே கேசட்தான் போய்ப் போய் வரும். மகன் அங்கே பேசி அனுப்புவார். சார் அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். இவர் பேசப் பேச அவர் பேசியது அழிந்துபோகும். ஒரே சிலேட்டில் இரண்டு பேர் மாறி மாறி எழுதுவது போலத்தான்.

முதல் கேசட் வந்த அன்று சார் அந்தப் பெட்டியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சத்தத்தை முழுசாகத் திருகினார். அந்தச் சின்ன ஸ்பீக்கர் தாங்கவில்லை, கரகரவென்று கத்தியது. சமையல் மாமி அடுக்களையிலிருந்து வந்து, "தெருக்கோடி வரைக்கும் கேக்கறது. இவருக்கு மட்டும் கேக்கலை" என்று என்னிடம் சொன்னாள். சார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கறுப்பு மூடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் குரல் உள்ளே இருக்கிறது, தன்னால் எடுக்க முடியவில்லை.

நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். காரில் போகும்போது ரேடியோவில் கச்சேரி வைத்தால் சார் தொடையில் தாளம் போடுவார். கம்பெனியிலேயே பொருத்தி வந்த ரேடியோ அது. அதன் ஸ்பீக்கர் பின் சீட்டுக்கு மேல், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் இருந்தது. நேராக அவர் பின்மண்டையில் போய் மோதும். அங்கே உட்கார்ந்தால் அவருக்குக் கேட்டது.

"சார், இந்த டேப்ப கார் ரேடியோவோட சேத்துடலாம் சார்" என்று உரக்கச் சொன்னேன்.

"கார்ல ஓட்டை கீட்டை போடுவியோ?"

"ஒரு ஓட்டையும் போட மாட்டேன் சார்."

"கம்பெனில வந்தது வந்தபடி இருக்கணும். அப்புறம் அங்கங்க ஒயர் தொங்கிண்டு, பஞ்சாயத்து போர்டு லாரியாட்டம் ஆக்கிடாதே."

ரிச்சி தெருவுக்குப் போய் மேலே உலோக வலை சுற்றிய ஒயர் இரண்டு கெஜமும், ஒரு கண்டன்சரும், ஒரு சின்ன சுவிட்சும் வாங்கி வந்தேன். ரேடியோவைக் கழற்றிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் பின்னால் மூன்று கால்கள் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து பிடித்த சத்தம் ஒரு காலில் வந்து நுழையும். அந்த இடத்தில் வெட்டி சுவிட்சைப் போட்டேன். மேலே தள்ளினால் ரேடியோ, கீழே தள்ளினால் டேப். டேப்பில் காதில் மாட்டும் குமிழுக்கென்று இருக்கும் ஓட்டையிலிருந்து ஒயரை எடுத்து, கண்டன்சர் வழியாகச் சுவிட்சில் பற்ற வைத்தேன். சுவிட்சை டாஷ்போர்டுக்கு அடியில், குனிந்து பார்த்தாலும் தெரியாத இடத்தில் கட்டினேன். ஒரு பகல் வேலை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு குறை. எஞ்சின் ஓடினால் டைனமோ இரைச்சல் அதில் கலந்துவிடும். ஆகையால் எங்கேயாவது நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். மயிலாப்பூர் தெருவில் நிறுத்தினால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சாந்தோமைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனோம், நம் வீட்டுக்குக் கிட்டேதான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு டேப்பை ஓடவிட்டேன்.

"அப்பா, நமஸ்காரம். சௌக்கியமா இருக்கேளா?" என்று பின்னால் குரல் வந்தது. சார் சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காரும் பையன் போல நேராக உட்கார்ந்தார். முழுசும் கேட்டு முடித்ததும் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். அதற்குள் கார் பாட்டரி இறங்கிவிட்டது. சாவியைத் திருகினால் க்ளிக் என்றதோடு சரி.

மீன் விற்கும் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள்தான்.

"இன்னா டைவரே, காரு தூங்கிக்கினு கீதா?"

"தள்ளு அக்கா, கொஞ்சம்."

"நாங்க தள்றோம். பெருசு உள்ள குந்திக்கினே வருமா? எறங்கு நைனா, நீ இன்னா மாப்ளையா?"

சார் கண்ணாடியை இறக்கி, கூடையைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா, நாங்க அதெல்லாம் சாப்பிடறதில்லை" என்று கும்பிட்டார். அவர்கள் சிரித்த சிரிப்பில் கூடை கவிழ்ந்திருக்கும். கடைசியில் அவரை உள்ளே வைத்தபடியேதான் தள்ளினார்கள்.

இப்படி ஒன்றரை வருஷம் போல நடந்தது. மாதம் ஒரு கேசட் வரும். நடுவில் அவர் காது இன்னும் மோசமாகிவிட்டது. ஸ்பீக்கரில் சத்தம் வருவது தெரியும். மகன் குரல் என்பதும் தெரியும். ஆனால் சொல் பிரியாது. அதனால் புது வழக்கம் ஒன்று ஏற்பட்டது. அவர் கையைத் தூக்குவார், நான் டேப்பை நிறுத்துவேன். "என்ன சொல்றான்?" என்பார். நான் முன் சீட்டிலிருந்து திரும்பி, அவர் என் உதட்டைப் பார்க்கும்படி, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். எனக்கு அவர்கள் பாஷை வராது. "பேத்திக்குப் பல்லு விழுந்துக்கினு கீதாம் சார்" என்பேன். "என் பிள்ளை அமெரிக்கா போய் பட்டினப்பாக்கம் தமிழ் கத்துண்டு வந்திருக்கான்" என்று சார் சிரிப்பார். மகன் வீட்டு விஷயம் எல்லாம் என் வழியாகத்தான் அவருக்குப் போனது. அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் என்னைத் தி.நகருக்கு ஓட்டச் சொன்னார். துணிக்கடையில் ஸ்வெட்டர் கேட்டார். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வைகாசி மாத வெயிலில் ஸ்வெட்டர் கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார். "ஐயா ஊட்டிக்குப் போறியளோ?" என்றார். நான் சாரிடம் உரக்கத் திருப்பிச் சொன்னேன். "ஊட்டியைவிடத் தூரம்" என்றார் சார். பின் உருப்படி உருப்படியாக விரித்துப் பார்த்து, சாம்பல் நிறத்தில் கனமான ஒன்றை எடுத்தார். காரில் வரும்போது, "இன்னும் கூப்பிடலை. ஆனா கூப்பிடுவான். வீடு மாத்தியிருக்கான், எடம் இருக்குன்னு போன தடவை சொன்னானோல்லியோ" என்றார். அதனால் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும்.

அடுத்த கேசட் வந்தபோது உங்கள் அம்மாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் சின்னவன். பெரியவளை அப்போதுதான் சாந்தோமில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். வழக்கமான இடத்தில் காரை நிறுத்தினேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். மகன் முதலில் புது வீட்டைப் பற்றிப் பேசினார், குழந்தைகளைப் பற்றிப் பேசினார். நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பா, நீங்க தனியா இருந்தது போதும். இங்க வந்து எங்களோட இருங்கோ. பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன். காரை வித்துடுங்கோ. டிரைவருக்கு ஏதாவது குடுத்து அனுப்பிச்சுடுங்கோ, பாவம், நல்ல மனுஷன், அவருக்கு வேற எடம் கிடைச்சுடும். பேப்பர் வர நாளாகும், வர்ற பனி விட்டப்புறம் வாங்கோ. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா, பதில்ல இதைப் பத்திப் பேசவே வேண்டாம். நான் புரிஞ்சுண்டுடறேன். திரும்பத் திரும்பக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்."

சார் கையைத் தூக்கினார். நான் நிறுத்தினேன்.

"என்ன சொல்றான்? ஏதோ மெதுவாப் பேசறானே?"

நான் திரும்பினேன். அவர் கண் என் உதட்டின் மேல் இருந்தது. எனக்கு அந்த ஐந்து மாதம் மட்டும்தான் கண்ணில் நின்றது. உங்கள் அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு போவது. 'வேற எடம் கிடைச்சுடும்.' சொல்வது சுலபம்.

"உடம்பப் பாத்துக்கச் சொல்றாரு சார். மாத்திரைய விடாம சாப்பிடச் சொல்றாரு" என்றேன்.

அவர் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா? என்னை வரச் சொல்றானா?"

கேட்டேவிட்டார். 'ஆமாம்' என்ற ஒரு சொல்தான். காரைப் பற்றியும் என்னைப் பற்றியும் மறுநாள்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றதும் வந்துவிடும் என்று பயந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லல சார்."

"ம்" என்றார். கடல் பக்கம் பார்த்தார். எப்போதும் இரண்டாவது தடவை போடச் சொல்வார். அன்றும் சொல்வாரோ என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. "ஒரு தடவை போதும். ஆத்துக்குப் போலாம்" என்றார்.

மறுநாள் காலையில் பதில் பேச உட்கார்ந்தார். டேப்பை நான்தான் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். சிவப்புப் பொத்தானையும் ஓடும் பொத்தானையும் சேர்த்து அமுக்கிக் கொடுப்பது என் வேலை. அமுக்கினேன். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். மாமி நன்றாகச் சமைக்கிறாள் என்றார். கார் நன்றாக ஓடுகிறது, டிரைவர் பக்கத்திலேயே இருக்கிறான் என்றார். நீ என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று இரண்டு தடவை சொன்னார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் குரல் ஏற ஏற, அதற்கு அடியில் மகன் கூப்பிட்ட குரல் அழிந்துகொண்டே வந்தது. நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். முடியட்டும், சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை உங்களிடம் மறைக்கக் கூடாது.

அன்று வீட்டில் உங்கள் அம்மா, "இன்னாய்யா, சோறு எறங்காம பெசஞ்சிக்கினே கீற?" என்றாள். வெயில் என்றேன்.

அடுத்த கேசட்டில் மகன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கடுத்த கேசட்டிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் முடிந்த பிறகு சார் கொஞ்ச நேரம் என் வாயையே பார்ப்பார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார். கேசட் வருவதும் குறைந்தது.

சின்னவன் பிறந்த செய்தியைச் சொல்லப் போனபோது சார் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர். கடையில் குத்திய குண்டூசிகூட அப்படியே இருந்தது. "எனக்கு இனிமே எதுக்கு? கொழந்தைக்கு அடில விரிச்சுப் போடு. தரை குளிரும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? அதில்தான் சின்னவன் தவழும் வரை படுத்திருந்தான். அம்மா அதைத் துவைத்துத் துவைத்துக் கொடியில் போடும்போதெல்லாம் நான் பின்பக்கம் போக மாட்டேன்.

ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று முயன்றேன். அடையாற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். "சார், அன்னைக்கு அந்தக் கேசட்ல" என்று ஆரம்பித்தேன். என் முதுகு அவர் பக்கம், எஞ்சின் ஓடுகிறது. அவருக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே வைத்து ஆரம்பித்தேனோ என்னவோ. ஓரமாக நிறுத்தித் திரும்பியிருக்கலாம். பாலம் முடிந்தது, நான் ஓட்டிக்கொண்டே போனேன்.

மறு வருஷம் ஐப்பசி மழையில் சாருக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தேன். நாலு நாள் இருந்தார். பேச்சு அதிகமில்லை. என்னிடம் கடைசியாகச் சொன்னது, "மழைல நனையாதே, ஆத்துல கொழந்தை இருக்கு" என்பதுதான்.

மகன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியங்கள் ஆன பிறகு ஒரு நாள் மகன் கார் ஷெட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஒரு தடவை கூப்பிட்டேன்பா. பதிலே சொல்லலை. இந்த ஊரை விட்டு வர மனசில்லைன்னு நானும் விட்டுட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கணும், இல்லே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க கூடவே இருந்தேள். அது எனக்குப் பெரிய ஆறுதல்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. கொடுத்து வைத்திருக்கவும் முடியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவருக்கு அப்பா இன்னொரு தடவை சாவார் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். அது நியாயம்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

காரை விற்க ஆள் பார்த்துவிட்டார்கள். வாங்குகிறவர், ரேடியோவில் கண்ட ஒயரெல்லாம் இருக்கக் கூடாது, கம்பெனியில் வந்தபடி வேண்டும் என்று சொல்லியிருந்தார். கொடுக்க வேண்டிய நாளன்று மத்தியானம் எல்லாரும் உள்ளே படுத்திருந்தார்கள். நான் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவிட்சைக் கழற்றி, ஒயரை இழுத்து, வெட்டிய இடத்தைப் பழையபடி பற்றவைத்தேன். ஈயம் ஆறும் வரை ஊதினேன். ரேடியோவை அதன் இடத்தில் தள்ளித் திருகாணிகளை முடுக்கினேன். நான் செய்ததன் சுவடே இல்லை.

பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் திரும்பினேன். காலி சீட்டில் துவைத்துப் போட்ட வெள்ளை உறை இருந்தது. உதடு நன்றாக அசையும்படி, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"சார். உங்கள வரச் சொல்றாரு. கார வித்துட்டு, என்ன அனுப்பிச்சிட்டு, வரச் சொல்றாரு. பனி விட்டதும் வரச் சொல்றாரு சார்."

 அப்புறம் இறங்கி, சாவியைக் கொடுக்க உள்ளே போனேன்.